பிறந்த ஊருக்கு விட்ட இடம்

கல் வெட்டுகிற சென்னியப்பன் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டது அதைத்தான். "பொறந்த ஊரை எழுதிக் கொண்டாந்துட்டீங்களாம்மா?" ஹெட்விக் கொண்டு வரவில்லை. பையில் ஃபிளாஸ்க் இருந்தது, குடை இருந்தது, அவருக்கென்று வாங்கிய வர்க்கிப் பொட்டலம் இருந்தது, மூக்குக்கண்ணாடிகூட ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அந்த ஒரு வரி எழுதிய காகிதம் மட்டும் இல்லை. "நீங்க மத்ததை வெட்டுங்க, முடிக்கிறதுக்குள்ள தர்றேன்" என்றாள். "முடிக்கறதுக்குள்ளன்னா சரிங்க. மத்தியானத்துக்கு மேல பனி எறங்கீருச்சுன்னா கல்லே கண்ணுக்குத் தெரியாதுங்க. நானும் மேட்டுப்பாளையம் எறங்கோணுங்க, நாளையிலிருந்து அன்னூர்ல கோயில் வேலைங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாக்கை விரித்துக் கல்லின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் பக்கத்துக் கல்லறை மேடையில் உட்கார்ந்தாள். அது யாரோ ஒரு காபித் தோட்டத்துத் துரையுடையது. நூறு வருஷமாக யாரும் வந்து மெழுகுவத்தி ஏற்றாத துரை, இவள் உட்காருவதில் அவருக்கு வருத்தம் இருக்காது. புடவையைத் தாண்டிக் குளிர் ஏறியது. கோத்தகிரிக்காரிக்கு இது ஒரு குளிரா என்று கேட்பார்கள், ஆனால் அறுபதை நெருங்கும் இடுப்புக்கு எந்த ஊர்க் குளிரும் குளிர்தான். உளி கல்லைத் தொட்டது, டக் டக் என்று மூன்று தட்டு, ஒரு ஊதல், மறுபடியும் மூன்று தட்டு. கருங்கல்லில் மேலே 'கார்ல் மேர்க்லே, தச்சர்' என்று ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. கீழே இறந்த தேதியும் முடிந்தது. இப்போது வேதவசனம் நடக்கிறது. நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெறும் கல் பளபளத்துக் கொண்டிருந்தது, பிறந்த ஊருக்கு விட்ட இடம். அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று அவள் தேயிலைச் சரிவைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தபடியே அந்த இடத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தாள்.

ஸ்டுட்கார்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆறேழு எழுத்து, சென்னியப்பன் டீ குடிப்பதற்குள் வெட்டிவிடுவார். மேர்க்லே வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி சொன்ன வார்த்தை ஸ்டுட்கார்ட் என்று அவள் புருஷன் பாக்கியநாதன் கேலி செய்வார். ஊரில் அவர்களுக்கு மேர்க்கிளி வீடு என்று பெயர்; மேர்க்லே என்பது யார் வாயிலும் நுழையவில்லை, கிளியாவது நுழைந்ததே. குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஒரு பிள்ளை கொஞ்சம் வெளுத்துப் பூனைக்கண்ணோடு பிறந்துவிடும், உடனே 'ஸ்டுட்கார்ட் வந்துடுச்சு' என்று வீடே கொண்டாடும். கறுத்துப் பிறந்த பிள்ளைகள் மூலையில் நின்று வேடிக்கை பார்க்கும். ஹெட்விக் கறுத்த பிள்ளை. அவளுக்கு ஹெட்விக் என்ற பெயர் மட்டும்தான் ஸ்டுட்கார்ட், மற்றதெல்லாம் பூட்டி மரியாளுடைய கீழ்நாட்டு மண். அண்ணன் ரைனோல்டுக்கு அந்தக் கண்கள் வந்தன. அதனாலேயே அவருக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும், சர்ச் கமிட்டியில் அவர் செயலாளர், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் பூட்டன் கதையைச் சொல்லாமல் காபி கொடுத்ததில்லை. பூட்டன் கார்ல், ஸ்டுட்கார்ட் நகரத்தில் பெரிய குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு, மிஷனுக்காகத் தச்சு வேலை செய்ய இந்த மலைக்கு வந்தவர். அனாதைப் பள்ளியில் வளர்ந்த மரியாளைக் கட்டிக்கொண்டதற்காக மிஷன் அவரைக் கைவிட்டபோதும் ஊருக்குத் திரும்பாதவர். கதவு செய்தார், மேஜை செய்தார், சவப்பெட்டி செய்தார், வீடு கட்டினார், செத்தார். அவர் தலைமாட்டில் இருந்த கல்லில் 'ஜெர்மனி தேசத்தில் பிறந்தவர்' என்று மட்டும் இருந்தது, அந்தக் கல்லைத்தான் போன வருஷம் ஒரு காட்டெருமை முதுகு சொறிந்து கொள்ளத் தேர்ந்தெடுத்து உடைத்துத் தள்ளியது. இத்தனை கல் இருக்க அது எதற்கு அந்தக் கல்லில் சொறிந்தது. அதுகூட ஆள் பார்த்துத்தான் சொறிகிறது என்று அண்ணன் சொன்னார், அதிலும் ஒரு பெருமை. புதுக்கல்லில் தேசம் என்று மொட்டையாகப் போடக்கூடாது, ஊர் வரவேண்டும், ஆதாரத்தோடு வரவேண்டும், நீதானே தபாலாபீசில் இருந்தவள், எழுதிக் கேளு என்றார். அவள் எழுதிக் கேட்டாள்.

கேட்டது ஊட்டேயம்மாளிடம். ஊட்டே என்பதுதான் அந்தம்மாவின் பெயர், ஊட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அந்தப் பெயரை முதலில் படித்தபோது ஹெட்விக்குக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டுட்கார்ட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர், இப்போது கடல் கடந்து போனவர்களின் பூர்வீகத்தைச் சர்ச் பதிவுகளில் தேடிக் கொடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார். இருவரும் ஆளுக்கொரு விதமாக உடைந்த இங்கிலீஷில் எழுதிக் கொள்வார்கள், இரண்டு உடைசலும் நன்றாகப் பொருந்திப் போனது. ஒவ்வொரு சர்ச்சாகத் தேடினார்கள். கார்ல் மேர்க்லே அகப்படவில்லை. மேர்க்லேக்கள் அகப்பட்டார்கள், கார்ல்கள் அகப்பட்டார்கள், இரண்டும் சேர்ந்து ஒரு ஆளாக அகப்படவில்லை. மிஷன் பட்டியலில் சொந்த ஊர் ஸ்டுட்கார்ட் என்று தெளிவாக இருக்கிறதே என்று ஊட்டேயம்மாள் மண்டையை உடைத்துக் கொண்டார். அப்போதுதான் ஹெட்விக் அந்த முட்டாள்தனமான யோசனையைச் சொன்னாள். சொந்த ஊர் ஸ்டுட்கார்ட் என்றால் அது அப்பாவின் ஊர், கார்ல் அவர்களுக்கு மூத்த பிள்ளையாக இருந்தால் அவர் எப்படி அங்கே பிறந்திருப்பார், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, அம்மாவின் ஊர் எது என்று பாருங்கள். இதை எழுதும்போது அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, சூரியன் கிழக்கே உதிக்கும் என்று எழுதுகிற மாதிரிதான் எழுதினாள். பதில் மிகவும் மரியாதையாக வந்தது. அன்புள்ள ஹெட்விக், எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, எங்கள் பெண்கள் பிள்ளை பெறுவது புருஷன் வீட்டில்தான், ஆனாலும் வேறு வழி இல்லாததால் பார்க்கிறேன். உலகத்தில் ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் போகாமல் இருப்பாள் என்பதே ஹெட்விக்குக்கு நம்ப முடியாத சங்கதியாக இருந்தது. மாமியார் கையிலா அந்த வலியோடு தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். பாவம், என்ன ஜனங்கள் என்று அன்று முழுவதும் நினைத்துக் கொண்டிருந்தாள். பிறகு போன வாரம் அந்த மெயில் வந்தது. கிடைத்துவிட்டார், ஸ்டுட்கார்ட்டில் இல்லை, மலையடிவாரத்தில் மூஸ்ஹால்டன் என்ற சின்னக் கிராமத்தில், அம்மாவின் ஊரில்தான், நீங்கள் சொன்னது சரி, ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல.

டக் டக் டக், ஊதல். கல்தூள் காற்றில் வந்து நாக்கில் கரகரத்தது. அந்தக் காரணம் இதுதான். கார்லின் அம்மா, அன்னா என்ற அந்தப் பெண், ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள், தச்சுவேலைக் கூலி மேர்க்லேயோடு பழக்கம், கையில் காசில்லாதவன் கல்யாணம் செய்துகொள்ள அந்தக் காலத்தில் ஊர்ச்சபை அனுமதி கொடுக்காது, வயிறு தெரிந்ததும் வேலை செய்த வீட்டில் அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா வீட்டுக்கு வந்தாள். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது, பல வருஷம் கழித்து வேறு மையில் யாரோ மேர்க்லே என்று எழுதியிருந்தார்கள். இதெல்லாம் சரி, இதெல்லாம் கதை, நடந்து முடிந்து மண்ணாகிப் போன கதை. அவளைப் பிடித்துக்கொண்டது கடைசியில் ஊட்டேயம்மாள் சும்மா சேர்த்திருந்த ஒரு வரி. வழக்கமாக இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்குட்டியை ஞானத்தகப்பனாக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்து ஒப்பேற்றிவிடுவார்கள், இங்கே பெண்ணின் தகப்பனே ஞானத்தகப்பனாக முன்னால் நின்றிருக்கிறார், நெசவாளி, அவர் பெயரும் கார்ல். ஊர் முழுக்கப் பார்க்கப் பிள்ளையைக் கையில் வாங்கி, தன் பெயரையே வைத்து. ஹெட்விக் அந்த வரியைத் தபாலாபீஸ் எதிரில் நின்று படித்தாள், வீட்டுக்கு வந்து படித்தாள், குக்கர் கூவ விட்டுப் படித்தாள். அந்த நெசவாளிக் கிழவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்திருப்பார்களா ஊரில். சொல்லியிருப்பார்கள். எந்த ஊரில் வாய் இல்லை.

மகள் இர்மா நேற்றுப் பேசும்போது சிரித்தாள். கோயம்புத்தூரில் அவள் இருக்கும் இடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லையாம், மூன்று மாடி, ஒவ்வொரு மாடியிலும் நின்று வயிற்றுக்குள் இருப்பவரிடம் இன்னும் இரண்டுதான், இன்னும் ஒண்ணுதான் என்று சொல்லிக்கொண்டே ஏறினாளாம். அம்மா கவலைப்படக் கூடாது என்று சிரிக்கிறாள். அம்மாவும் சிரித்தாள், போனை வைத்துவிட்டு அந்தப் படிகளை எண்ணிக் கொண்டிருந்தாள். படியில் தலை சுற்றினால். ராத்திரியில் பனிக்குடம் உடைந்தால், பக்கத்து அறைப் பெண்கள் எல்லாம் ஷிஃப்டுக்குப் போயிருந்தால். கல்யாணம் ஆகுமுன்னே அந்தப் பையன் கனடா போனான், போனவன் முதலில் பேசினான், பிறகு குறைத்தான், பிறகு நம்பரை மாற்றிவிட்டான், அவனைப் பற்றிக் கேட்டால் இர்மா "அம்மா, இன்னிக்கு என்ன சமையல்?" என்பாள், அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. மலை ஏறுவதானால் இந்த வாரத்துக்குள் ஏறிவிடுங்கள், அப்புறம் அந்த வளைவுகளில் நான் அனுப்ப மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்திருக்க வேண்டிய பெண். வளையல் வாங்கித்தான் வைத்திருக்கிறாள், பச்சையும் சிவப்பும், பீரோவில் துணிக்கடியில், திருட்டுப் பொருள் மாதிரி. அண்ணன் வேண்டாம் என்றார். கத்தவில்லை, அவர் கத்துகிற ஆளில்லை, கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள். இரண்டு கையையும் மேஜையில் வைத்துக்கொண்டு, "ஹெட்டி, அவ என் மடியில வளர்ந்த பிள்ளை, நான் ஒதுக்கல. பெத்து எடுத்துக்கட்டும், ஒரு வருஷம் போகட்டும், தத்து எடுத்தோம்னு சொல்லிக் கூட்டிட்டு வரலாம். இப்ப இந்த வயித்தோட இந்த வீட்டு வாசப்படி ஏற வேண்டாம். மேர்க்கிளி வீட்டுல இதுவரைக்கும் இப்படி ஒண்ணு நடந்ததில்ல" என்றார். சொல்லும்போது அந்தப் பூனைக்கண்கள் நிறைந்துவிட்டன. மறுநாள் அவரே பஸ்ஸில் இர்மாவுக்கு ஹார்லிக்ஸும் பிளம்ஸும் கொடுத்தனுப்பினார். வீடு அவர் பெயரில் இருக்கிறது, பாக்கியநாதன் போன பிறகு இவளைப் பின்கட்டில் கொண்டுவந்து வைத்து ஒரு நாளும் முகம் சுளிக்காதவர். இர்மா பிறந்தபோது இவளுக்குத் தாய் இல்லை, அண்ணன்தான் தாய்வீடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் மங்கிகேப்போடு உட்கார்ந்து விடிய விடிய இருமிக் கொண்டிருந்ததும் அவர்தான், பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது. அவள் "அப்புறம் பாக்கலாம்ணா" என்றாள். எல்லாவற்றுக்கும் அவள் சொல்வது அதுதான். சொல்லிச் சொல்லி இந்த வாரத்துக்கு வந்து நின்றுவிட்டது.

மூஸ்ஹால்டன் கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆதாரம் வந்துதா என்று அவர் கேட்டபோது வந்துடும்ணா என்று சொன்னாள். சொன்னால் என்ன ஆகும். மனுஷன் உடைந்து போவார். அல்லது நம்ப மாட்டார், இது வேறு கார்ல் என்பார். அல்லது நம்புவார், நம்பிவிட்டு, சரி, இது நம்மோடு இருக்கட்டும், ஸ்டுட்கார்ட்னே வெட்டிடலாம் என்பார். அதுதான் நடக்கும். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் என்று சொன்னது அண்ணன் இல்லை, பூட்டன்தான். மிஷன்காரர்கள் பேனாவோடு உட்கார்ந்து கேட்டபோது அந்த இளைஞன் ஸ்டுட்கார்ட் என்றான். பிள்ளைகளிடமும் ஸ்டுட்கார்ட் என்றான். கடல் தாண்டி, காடு தாண்டி, யாரும் போய்ப் பார்க்க முடியாத தூரத்துக்கு வந்த பிறகும் அந்தக் கிராமத்தின் பெயர் அவன் வாயில் வரவில்லை. தன் ஆயுசு முழுக்க ஒரு மனிதன் மூடி வைத்ததை, அவர் செத்து, எலும்பும் மிஞ்சாத காலத்தில், ஒரு கொள்ளுப்பேத்தி வந்து கல்லில் வெட்டி ஊருக்குக் காட்டலாமா. யார் கொடுத்த உரிமை. அவர் எழுந்து வந்து, உன்னை யாரு கேட்டா என்றால் என்ன சொல்வாள். காட்டெருமை கல்லைத் தள்ளிவிட்டது, அதனால் கேட்டேன் என்றா. அவர் என்ன பாஷையில் திட்டுவார். தமிழில்தான் திட்டுவார், மரியாளிடம் கற்றது, வசவு நன்றாகவே வந்திருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. அவர் வெட்கப்பட்டாரா. அந்த நெசவாளித் தாத்தா ஊரறியத் தூக்கிப் பெயர் வைத்த பிள்ளை, பிறகு ஏன் வெட்கப்பட்டது. வெட்கம் வீட்டுக்குள் இல்லை போல, வெளியில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இர்மாவின் பிள்ளைக்கும் ஒட்டுமா. தத்து என்று சொல்லிக் கொண்டுவந்தால், பெற்ற தாயின் மடியிலேயே உட்கார்ந்து அது தத்துப்பிள்ளையாக வளர வேண்டும். அது எந்த ஊரைப் பிறந்த ஊர் என்று சொல்லும். அதுவும் ஒரு ஸ்டுட்கார்ட்டைத் தேடிப் பிடிக்கும். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை மூடியில் ஊற்றினாள், ஆவி கண்ணாடியில் படிந்து கல், சென்னியப்பன், சரிவு எல்லாம் கொஞ்ச நேரம் இல்லாமல் போயின.

"அம்மா, வசனம் கடைசி வரிக்கு வந்துட்டனுங்க" என்றார் சென்னியப்பன், திரும்பாமலே. "இந்தாங்க, டீ குடிச்சுட்டு வெட்டுங்க" என்று அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். வர்க்கியை அவர் டீயில் முக்கித் தின்றார். "வெள்ளைக்காரருங்களா உங்க தாத்தா?" "பூட்டன்." "என்ன வேலைங்க பாத்தாரு?" "தச்சு வேலை. மேல போட்டிருக்கே." "எனக்கு எழுத்துத்தான் தெரியுங்க, வெட்டறப்ப படிக்கறதில்லீங்க, படிச்சா கை நின்னுரும்" என்று அவர் சிரித்தார். அப்போதுதான் புடவை முடிச்சுக்குள் போன் நடுங்கியது. இந்தத் தோட்டத்தில் சிக்னல் வருவதே அபூர்வம், காற்று திரும்பினால்தான் வரும். ஊட்டேயம்மாள். நேற்று இவள் நன்றி சொல்லி எழுதியபோது அன்னா பாட்டி என்று எழுதியிருந்தாள், அதற்குத் திருத்தம். அன்புள்ள ஹெட்விக், ஒரு சிறு விஷயம், அந்தப் பெண்ணின் சொந்த ஞானஸ்நானப் பதிவையும் இன்று பார்த்துவிட்டேன், அவளை அன்னா என்று சொல்லாதீர்கள், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முதல் பெயர் கடவுளுக்கு மட்டும், பாதிப் பெண்களுக்கு அன்னாதான், வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரை, உங்கள் பாட்டியை எல்லோரும் பார்பரா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி, மற்றொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். பார்பரா. பார்பரா ரூம். வீட்டின் கிழக்கு ஓரத்தில், சமையலறைச் சுவரின் சூடு வாங்கிக்கொள்கிற மாதிரி பூட்டன் கட்டிய அறை, தோட்டத்துப் பக்கம் தனியாக ஒரு வாசல், அந்த வாசலுக்கு மட்டும் படி கிடையாது, சரிவாகத் தளம் போட்டிருக்கும், வயிற்றுப்பிள்ளைக்காரி படி ஏற வேண்டாம் என்று. அந்த வீட்டில் பிறந்த பெண்கள் எல்லோரும் பிள்ளைப்பேற்றுக்கு வந்து கிடந்த அறை அது, அத்தைகள், பெரிய அத்தையின் மகள், இர்மாவைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு வந்த ஹெட்விக். கதவில் உள்பக்கம்தான் தாழ்ப்பாள், வெளியிலிருந்து பூட்ட வழி கிடையாது, பூட்டன் வைக்கவில்லை, தச்சர் வீட்டில் தாழ்ப்பாளுக்கா பஞ்சம் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், யாருக்கும் தெரியாது. பார்பரா யார் என்றும் யாருக்கும் தெரியாது. அண்ணன் அது ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து தங்கிய ஒரு துரைசானி என்பார். போன சீசனில் அதற்கு கீசர் போட்டு, டூரிஸ்ட்டுகளுக்கு விடலாம் என்று புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டு, கதவில் பித்தளைத் தகட்டில் பார்பரா சூட் என்று மாட்டினார். துரைசானி இல்லை. வேலை செய்த வீட்டில் விரட்டிவிட்ட ஒரு பெண். வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டிலிருந்து நடந்தோ வண்டியிலோ வந்து, வாசலில் நின்று, கதவு திறக்குமா என்று தெரியாமல் நின்று. கதவு திறந்தது. அந்தக் கதவு திறந்ததால் பிறந்தவர் பெரிய தச்சராகி, உலகத்தின் மறுகோடியில் ஒரு வீடு கட்டும்போது, வெளியில் பூட்ட முடியாத ஒரு கதவைச் செய்து அம்மாவின் பெயரை அதற்கு வைத்தார். ஊர்ப்பெயரைத்தான் அவர் சொல்லவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பெண்ணுக்குப் பெண்ணாக எல்லோரும் அதில் படுத்து எழுந்திருக்கிறோம், இத்தனை வருஷம், இவருக்கு வெட்கம் என்று நான் உட்கார்ந்து நினைத்துக் கொண்டிருக்கிறேன். ஹெட்விக் அழுதாள். சத்தம் வரவில்லை, கண்ணாடிக்குள் மட்டும் நிறைந்தது. சென்னியப்பன் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி உளியைக் கல்லில் தீட்டினார்.

"பேனா இருக்கா?" என்று கேட்டாள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். வர்க்கிப் பொட்டலத்துக் காகிதத்தைக் கிழித்து, எண்ணெய் படாத பக்கமாகத் திருப்பி, துரையின் கல்லறை மேல் வைத்து எழுதினாள். மணியார்டர் பாரத்தில் எழுதுகிற மாதிரி எழுத்து உருண்டையாக வந்தது. சென்னியப்பன் வாங்கி எழுத்தைப் பார்த்தார், எட்ட வைத்தும் பார்த்தார், கல்லில் விட்ட இடத்தை விரலால் அளந்தார். "ஒரு ஊரு பேருக்குத்தானுங்க எடம் உட்டேன். இது ரெண்டு வரி இருக்குதுங்களே." "பொடியா வெட்டுங்க. ஆனா எல்லாம் வரணும்." அவர் அப்போதுதான் படித்தார், உதடு அசைய. மூஸ்ஹால்டன் கிராமத்தில், தாய் பார்பராவின் தகப்பனார் வீட்டில் பிறந்தவர். "இவருக்குத் தகப்பனாரு பேரு போடறதில்லீங்களா?" "அவங்களுக்குக் கல்யாணம் ஆகல" என்றாள் ஹெட்விக். சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், எங்கேயாவது எதாவது இடிந்து விழுகிறதா என்று. தேயிலைச் சரிவில் யாரோ கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "அப்ப சரிங்க" என்று சென்னியப்பன் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். இந்தக் கல் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டியோடு வந்து நிற்பார் அண்ணன். படிப்பார். முகம் வெளுக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவருக்கு வலிக்கும், அது அவளுக்கும் வலித்தது. இன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும், கல்லைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நம்ம வீட்டுல இப்படி நடந்திருக்குண்ணா, நடந்ததாலதான் வீடே இருக்கு.

காற்று இன்னும் பழைய பக்கம் திரும்பவில்லை, சிக்னல் இருந்தது. இர்மா உடனே எடுத்தாள். "என்னம்மா, இந்த நேரத்துல?" அவள் மூச்சு வாங்குவது கேட்டது, படியில் இருக்கிறாள் போல. "எத்தனாவது மாடி?" "ரெண்டு. என்னம்மா?" "உக்காரு. படியிலேயே உக்காந்துக்க." இர்மா உட்கார்ந்தாள், வயிற்றோடு உட்காரும்போது வருகிற அந்தச் சின்ன முனகல் கேட்டது. "வெள்ளிக்கிழமை காலையில காரு வரும். நானும் வர்றேன். மெதுவா ஏறலாம், வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்தி. பார்பரா ரூம்ல அந்த டூரிஸ்ட் கட்டில் ரொம்ப உசரம், அதை வெளிய போட்டுட்டு பழைய கட்டிலைக் கழுவிப் போடறேன்." "மாமா சரின்னுட்டாரா?" என்று இர்மா கேட்டாள். குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. ஹெட்விக் கல்லைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டின் மேல் முதல் எழுத்துக்கு உளி இறங்கியிருந்தது, அதைச் சுற்றி வெள்ளையாகத் தூள். "மாமாகிட்ட சாயங்காலம் சொல்லிக்கிறேன்" என்றாள். "அவர் சரின்னு சொல்லலேன்னா?" "அந்தக் கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் இல்லடீ" என்றாள் ஹெட்விக். "நீ ஸ்வெட்டர் எடுத்துக்க, இங்க குளிரு ஆரம்பிச்சுடுச்சு."